நிழற்குடை வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள்

குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவனைத் தமிழ்ச் சூழலுக்கு இரண்டே உருவங்களில்தான் தெரியும். வீட்டுக்காரியின் தாலிக்கொடியை அடகுக் கடையில் வைத்துவிட்டுக் கிண்டிக்கு ரயிலேறும் குடிகேடன் ஒருவன். ஒரே ஜாக்பாட்டில் மாடிவீடு கட்டிவிடும் சினிமாக்காரன் இன்னொருவன். முதலாமவனுக்கு உச்சுக்கொட்டுவோம், இரண்டாமவனுக்கு விசிலடிப்போம். மூன்றாவதாக ஒருவன் இருக்கிறான். சில நூறு ரூபாய்களோடு போய், ரேஸ் புத்தகத்தை மடியில் விரித்து, போன மாதம் இந்தக் குதிரை எத்தனை கிலோ சுமந்து எவ்வளவு நேரத்தில் ஓடியது என்று பென்சிலால் குறித்து, பெரும்பாலும் தோற்று, பேருந்தில் வீடு திரும்புகிறவன். ஜாக்கியின் கூலி, குதிரையின் கொள்ளு, கிளப்பின் புல்தரை, அரசின் வரி எல்லாவற்றிலும் இவனுடைய பணம் இருக்கிறது. இவனுக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாங்கள் கேட்கிறோம்.

செம்பட்டிக்குப் பக்கத்தில், ஆத்தூர் வட்டத்தில் இருக்கும் சித்தையன்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இவர்களுக்கு ஏன் இந்த வேலை என்று நண்பர்கள் சிரிக்கலாம். எங்களுக்கு அருகிலுள்ள ரேஸ்கோர்ஸ் மதுரையில். அங்கே சாலைக்கும் குடியிருப்புக்கும் பெயர் மிஞ்சியிருக்கிறது, குதிரைதான் இல்லை. கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் காலை நடைப்பயிற்சி நடக்கிறது. ஆனால் பந்தயம் கட்டுகிற மனம் எங்கள் ஊர்ப் பக்கம் இல்லாமல் போய்விடவில்லை. 2003ஆம் ஆண்டு தமிழக அரசு லாட்டரியைத் தடைசெய்த பிறகு குமுளிக்குப் பேருந்தேறிக் கேரள அரசின் சீட்டு வாங்கி வருகிறவர்களை நாங்கள் அறிவோம். அதே அரசு தடைசெய்த மூன்று நம்பர் சீட்டு டீக்கடை மறைவில் விற்றதையும், பிறகு கைப்பேசியில் ரம்மி வந்து உட்கார்ந்ததையும் அறிவோம். இந்த மனத்தைத் தடைச் சட்டத்தால் அழிக்கவும் முடியாது, ஆங்கிலேயன் காலத்து கிளப்பின் இரும்புக் கதவுக்குள் அடைக்கவும் முடியாது. அதை எப்படி நடத்துகிறோம் என்பதே கேள்வி.

இப்போது நடப்பது நிலச் சண்டை. கிண்டியில் 1777 முதல் குதிரைகள் ஓடியதாகச் சொல்கிறார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. 1946இல் 160 ஏக்கர் 86 சென்ட் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு அந்த கிளப்பிடம் போயிற்று. வருட வாடகை 614 ரூபாய் 13 அணா. அந்தப் பதின்மூன்று அணாவை நாங்கள் மிகவும் ரசித்தோம், எவ்வளவு நேர்மையான துல்லியம்! 2024 ஜூனில் ஊட்டியில் 52 ஏக்கருக்கு மேற்பட்ட பந்தய நிலத்தை மாவட்ட நிர்வாகம் கையகப்படுத்தியது. செப்டம்பரில் கிண்டிக் குத்தகையையும் அரசு ரத்து செய்தது. 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கி என்றது. விவகாரம் நீதிமன்றம் போயிற்று. ஒருபக்கம் பாரம்பரியம் என்றார்கள், மறுபக்கம் பூங்காவும் குளமும் என்றார்கள். வேளச்சேரி வெள்ளத்தைப் பார்த்தவர்கள் குளம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், நாங்களும் சொல்லவில்லை. எங்கள் வியப்பெல்லாம் வேறு. இத்தனை காலம் அந்தத் திடலுக்குப் படியளந்தவன் இந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை, சாட்சிகூட இல்லை.

அவன் இல்லாத வழக்கு இது முதல் தடவையல்ல. 1974இல் கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ளச் சட்டம் இயற்றியது. இரண்டையும் சேர்த்து 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கே.ஆர். லட்சுமணன் வழக்கு என்று சட்டக்காரர்கள் குறிப்பிடும் அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்: குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, பெருமளவு திறமையைச் சார்ந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, சுமக்கும் எடை, ஜாக்கியின் கைத்திறன், முந்தைய ஓட்டங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து முடிவெடுக்க முடியும். ஆகவே இது சூது அல்ல. தடைச் சட்டம் செல்லாமல் போனது, கையகப்படுத்தும் சட்டமும் ரத்தானது. கிளப்புகள் இனிப்பு வழங்கியிருக்கும்.

தீர்ப்பின் தருக்கத்தை ஓரடி முன்னெடுத்துப் பாருங்கள். பந்தயம் கட்டுகிறவனுடைய திறமையைக் காட்டித்தான் இந்தத் தொழில் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பியது. அப்படியென்றால் அந்தத் திறமைக்கு வேண்டிய கச்சாப் பொருளை அவனுக்குக் கொடுப்பது தொழிலின் முதல் கடமை அல்லவா? அவன் மூளையைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றி விடுதலை வாங்கிக்கொண்டவர்கள், வெளியே வந்ததும் அவன் சட்டைப்பையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

இந்த விஷயத்தில் நம் பழைய கதை நீதிமன்றத்தைவிட நுட்பமானது. நளனை நினைத்துக்கொள்ளுங்கள். புகழேந்தியின் நளவெண்பா வழியே நம் திண்ணைகளுக்கு வந்தவன். புட்கரனிடம் சூதாடி நாடிழந்தவன் எப்படி மீண்டான்? தவம் செய்து அல்ல, இனிச் சூதாடுவதில்லை என்று சத்தியம் செய்தும் அல்ல. தேரோட்டியாக வேலைபார்த்த இடத்தில், இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் காயை எண்ணிச் சொல்கிறான். அந்த எண்ணும் வித்தையை நளன் கேட்டு வாங்குகிறான். பதிலுக்குத் தன் குதிரை வித்தையைக் கொடுக்கிறான். குதிரையைப் பற்றிய அறிவும் காயைப் பற்றிய கணக்கும் ஒன்றுக்கொன்று கைமாறும் இடம் அது. பாரதத்தில் காட்டிலிருக்கும் தருமனுக்கு இந்தக் கதையைச் சொல்லும் முனிவர், கதையோடு நிறுத்தாமல் அவனுக்குச் சூதின் நுணுக்கத்தையும் கற்பித்துவிட்டே போகிறார். தெரியாமல் ஆடியதுதான் தருமனின் கேடு என்பது அந்த முனிவரின் கட்சி. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் இதற்கு எதிர்க்கட்சி. வென்றாலும் வேண்டாம் என்கிறது. இரண்டு கட்சிக்கும் நம் மரபில் இடம் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது கட்சி ஒன்றை நம் காலம் கண்டுபிடித்திருக்கிறது: ஆடு, தெரியாமலே ஆடு, கட்டணத்தை மட்டும் முன்னதாகக் கட்டிவிடு.

தெரிந்து ஆட என்ன வேண்டும்? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஓட்டத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் குதிரை எத்தனை வினாடியில் கடந்தது என்ற நேரம். பந்தய நாளில் குதிரையின் உடல் எடை. இதற்குமுன் எப்போது நொண்டியது, எப்போது மூக்கில் ரத்தம் வந்தது, எத்தனை வாரம் ஓய்வில் இருந்தது என்ற மருத்துவக் குறிப்பு. கண்பட்டை புதிதாகக் கட்டியிருக்கிறார்களா, கழற்றியிருக்கிறார்களா என்ற தகவல். எல்லோரும் நம்பிய குதிரை கடைசியில் வந்தால், ஜாக்கியைக் கூப்பிட்டு விசாரித்தீர்களா, அவர் என்ன சொன்னார், நீங்கள் ஏன் ஏற்றுக்கொண்டீர்கள் என்ற விளக்கம். ஹாங்காங் ஜாக்கி கிளப் இவற்றையெல்லாம் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். காலைப் பயிற்சியின் படக்காட்சி உட்பட எல்லாம் சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் உண்டு. அதுவும் 1884இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய கிளப்தான். கீழ்க்கட்டில் நிற்கும் சீனத் தொழிலாளியின் மொழி அவர்கள் வலைத்தளத்தில் ஏறிவிட்டது. பிரிட்டனில் ஒரு குதிரைக்கு மூச்சுக்குழல் அறுவைசிகிச்சை நடந்திருந்தால், அதன்பின் ஓடும் முதல் பந்தயத்துக்கு முன்னால் அதை அறிவித்தாக வேண்டும் என்று 2018 ஜனவரியில் விதி வந்தது. தகவலை உள்ளே இருப்பவன் மட்டும் வைத்திருந்தால் அது திறமை விளையாட்டு ஆகாது என்ற எளிய நியாயம்தான் அதன் பின்னால்.

நம் ஊரில் பந்தயத் திடலின் மொழி ஆங்கிலம். காலைப் பயிற்சிக் குறிப்புகளும் 'எங்கள் தேர்வு' பட்டியல்களும் ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்தன. தமிழ் மட்டும் படித்தவனுக்கு வாசலில் விற்கும் டிப்ஸ் தாள்தான் வேதம். 'உள்ளிருந்து வந்த செய்தி' என்று காதில் கிசுகிசுக்கிறவன்தான் குரு. அறிவு மறுக்கப்பட்ட இடத்தில் வதந்திதான் வியாபாரமாகும். பிறகு இதே மேன்மக்கள் 'பாமரன் டிப்ஸை நம்பி அழிகிறான்' என்று வருந்துவார்கள்.

இங்கே எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தைச் சொல்லாமல் போக முடியாது. பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரித்துத் தென்மாவட்டச் சாலைகளில் ஓடவிடுகிறார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு சேர்த்து இதையும் தடுத்தது. 2017இல் மெரினாவில் கூடிய கூட்டத்துக்குப் பின் தமிழகச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லும் என்றாயிற்று. அங்கே பார்வையாளனுக்கு நாற்காலி கிடையாது, குடிநீர்க்குழாய் கிடையாது, ஓட்டத்தின்போது இரண்டு பக்கமும் மண் தூசி. ஆனால் வண்டி பூட்டுமுன் மாட்டின் பக்கத்தில் போய் நின்று பார்க்கலாம். பல்லைப் பார்க்கலாம், குளம்பைப் பார்க்கலாம், இது யார் வீட்டு மாடு, போன தை மாதம் எந்த ஊரில் என்ன பரிசு வாங்கியது என்று பக்கத்திலிருப்பவன் வாயாரச் சொல்வான். யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை. அந்தச் சாலையோரத்தில் நிற்பவனுக்கு இருக்கும் ஞானம் ரேஸ்கோர்ஸில் டிக்கெட் வாங்கி உள்ளே போனவனுக்குக் கிட்டுவதில்லை என்பது எவ்வளவு பெரிய அவமானம்!

அடுத்தது விலை. பந்தயத்துக்கும் விலை உண்டு என்பதையே நம்மில் பலர் உணர்வதில்லை. டோட் என்ற முறையில் எல்லோருடைய பணமும் ஒரே குடத்தில் விழும். கிளப் தன் கழிவை எடுத்துக்கொண்டு மீதியை வென்றவர்களுக்குப் பிரித்துத் தரும். 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் என்பவர் புக்கிகளின் தில்லுமுல்லுக்கு மாற்றாகக் கண்ட வழி இது. இதற்கான பெரிய கணக்கு இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் செய்து 1913இல் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லீ திடலில் நிறுவினார். ஜூலியஸ் முதலில் செய்ய நினைத்தது தேர்தலில் வாக்கு எண்ணும் இயந்திரத்தை. அரசு வேண்டாமென்றதும் அதைப் பந்தயத்துக்கு மாற்றினார். ஒவ்வொருவன் போட்ட காசும் உடனுக்குடன் கூட்டப்பட்டு எல்லோர் கண்முன்னும் பலகையில் தெரியவேண்டும் என்பது ஒரு ஜனநாயக ஆசைதான்.

அந்தப் பலகையில் தெரியாத எண் ஒன்று இன்றைக்கு எல்லாவற்றையும் தின்கிறது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது பந்தயத்துக்கு 28 சதவீதம் என்றார்கள். கிளப்பின் கழிவின் மீதல்ல, கட்டிய முழுத் தொகையின் மீது. டோட் நடத்தும் கிளப்புக்குச் சொந்தம் கமிஷன் மட்டும்தான், அதன்மீதே வரி போடலாம் என்று 2021 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லிப் பார்த்தது. 2023 அக்டோபர் முதல் சட்டத்தையே திருத்தி முழுத் தொகைக்கும் வரி என்பதை உறுதிப்படுத்திக்கொண்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். வென்றால் வருமான வரி 30 சதவீதம் தனி. தோற்ற தொகையை அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 100 ரூபாய்ப் பந்தயத்துக்கு 40 ரூபாய் வரி சேர்த்து 140 ரூபாய் நீட்டுகிறீர்கள். கிளப்பின் கழிவு 20 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கூட்டத்துக்குத் திரும்பி வருவது சராசரியாக 80. அதாவது பையிலிருந்து போன ஒவ்வொரு நூறுக்கும் ஏறக்குறைய 57. ஆயிரம் ரூபாயோடு போகிறவன் கையில் இருப்பதை ஒவ்வொரு ஓட்டத்திலும் மறுபடி கட்டினால் சராசரியாக முதல் ஓட்டத்தின் முடிவில் 571, பிறகு 327, பிறகு 187, பிறகு 107, ஐந்தாவது ஓட்டத்தின் முடிவில் 61 ரூபாய். இந்த வரி இல்லாமல் கிளப்பின் கழிவு மட்டும் என்றால் அதே ஐந்தாவது ஓட்டத்தில் 328 ரூபாய் நிற்கும். வரியோடு கட்டுகிறவன் கைமுதலைக் காப்பாற்றவே கூட்டத்தின் சராசரியைவிட முக்கால் பங்கு கூடுதலாக ஈட்ட வேண்டும். நளனே இருதுபன்னனைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் நடக்காது. திறமை விளையாட்டு என்று ஒரு அரசியல் உறுப்பு தீர்ப்பளிக்கிறது. திறமையால் வெல்லவே முடியாத விலையை இன்னொரு உறுப்பு நிர்ணயிக்கிறது. ஒன்று கிடைக்க நூறு போகும் என்று வள்ளுவர் எச்சரித்ததை நிதித்துறை இலக்காக எடுத்துக்கொண்டுவிட்டது.

'பாவத்துக்கு வரி போட்டால் பாவம் குறையும்' என்பவர்கள் பிரிட்டனைப் பார்க்க வேண்டும். அங்கே பந்தயத் தொகையின் மீது 6.75 சதவீதம் வரி இருந்தது; கடைக்காரர்கள் அதோடு தங்கள் செலவையும் சேர்த்து 9 சதவீதம் பிடித்தார்கள். இந்த 9 சதவீதத்துக்கே ஆட்கள் தொலைபேசியில் ஜிப்ரால்டர் புக்கிகளிடம் போய்விட்டார்கள். 2001 அக்டோபரில் அதை ஒழித்துவிட்டு, புக்கியின் மொத்த லாபத்தின் மீது 15 சதவீதம் என்று மாற்றினார்கள். ஹாங்காங்கும் 2006இல் முழுத் தொகை வரியை விட்டது. அங்கே விகிதம் 70 சதவீதத்துக்கு மேல், குறைவொன்றும் இல்லை. ஆனால் அது கிளப்புக்கு மிஞ்சும் பங்கின் மீது. நம் ஊரில் 40 சதவீதத்தைத் தாண்டி யார் உள்ளே வருவான்? வரியும் ரசீதும் இல்லாத புக்கி தொலைபேசியில் கடனுக்கே பந்தயம் எடுத்துக்கொள்கிறான். கடனை வசூலிக்க அவன் அனுப்பும் ஆட்களுக்கு எந்த விதிமுறையும் கிடையாது. தாலிக்கொடி அடகுக்குப் போகும் கதை பெரும்பாலும் அங்கேதான் எழுதப்படுகிறது.

இதற்கெல்லாம் நடுவே பந்தயத் திடல்கள் பார்வையாளர் அனுபவத்தை மேம்படுத்துவதாக அறிவித்துக்கொள்வதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ராட்சதத் திரை, குளிரூட்டிய கூடம், உணவுக் கடைகள், பெரிய பந்தய நாளில் தொப்பி அலங்காரப் போட்டி. எங்களில் ஒருவர் ஒரு பந்தயத் திடலில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) டோட் ஜன்னலின் முன் வரிசையில் நின்றிருக்கிறார். இருந்த ஜன்னல்களில் பாதி மூடியிருந்தது. அவர் முறை வந்தபோது மணியடித்து ஓட்டம் தொடங்கிவிட்டது. அவர் மனதில் குறித்திருந்த குதிரை வென்றது. பின்னால் நின்ற பெரியவர், 'கவலைப்படாதீங்க தம்பி, காசு மிச்சம்னு நெனைச்சுக்கங்க' என்று தேற்றினாராம். ராட்சதத் திரையில் வென்ற குதிரையின் உரிமையாளர் கோப்பை வாங்குவது நான்கு கோணங்களில் தெரிந்துகொண்டிருந்தது. கழிப்பறையும் நிழலும் தண்ணீரும் வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. அவை எந்தப் பேருந்து நிலையத்திலும் இருக்கவேண்டியவை. அவற்றைச் சலுகையாக அறிவிப்பதுதான் மேட்டிமைத்தனம்.

அறிவையும் விலையையும் சரிசெய்தால் சூதாட்டத்தை வளர்ப்பதாகாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, குடும்பங்கள் அழிந்ததை நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் நாங்கள் கேட்பவற்றில் ஆள்பிடிக்கும் விளம்பரம் எதுவும் இல்லை. இருட்டில் இருப்பவன்தான் அதிகம் இழக்கிறான். கட்டுகிறவனுக்கு அட்டை ஒன்று கொடுத்து, வருடம் முழுக்க அவன் கட்டியது எவ்வளவு, திரும்ப வாங்கியது எவ்வளவு என்று கணக்கெழுதிக் கையில் தரட்டும். பலர் அந்த ஒரு தாளைப் பார்த்தே நின்றுவிடுவார்கள். அது தெரிந்துதான் யாரும் அதைத் தருவதில்லை என்பது எங்கள் சந்தேகம். இன்றைக்கு இவ்வளவுக்கு மேல் கட்டமாட்டேன் என்று ஒருவன் முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் ஜன்னல் அதை மதிக்கட்டும். என்னை ஆறு மாதம் உள்ளே விடாதீர்கள் என்று கேட்டால் காவலாளி அதை நிறைவேற்றட்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு இணையப் பணவிளையாட்டுகளை அடியோடு தடைசெய்தது. தடையில் காட்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கை, சட்டம் அனுமதித்த இடத்தில் கட்டுகிறவனைக் காப்பதில் காட்டியிருக்கலாம்.

கிண்டியோ ஊட்டியோ வேறெந்த ஊரோ, இந்த மாநிலத்தில் குதிரை ஓட்ட யாருக்காவது இனி அரசு நிலம் தருவதானால், புதுப் பத்திரத்தில் இவை நிபந்தனைகளாக ஏறட்டும்: ஒவ்வொரு சீட்டின் பின்னாலும், இந்த நூறில் கிளப்புக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு, உங்கள் குடத்துக்கு எவ்வளவு என்று தமிழில் அச்சிட வேண்டும். குதிரையின் எடையும் நேரமும் மருத்துவக் குறிப்பும் பந்தயத்துக்கு முந்தைய நாளே தமிழில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அன்றைய எடை மட்டும் ஓட்டத்துக்கு முன் பலகையில் ஏறட்டும். விசாரணை முடிவுகள் காரணங்களோடு ஒட்டப்பட வேண்டும். பந்தயம் கட்டுகிறவர்களின் பிரதிநிதிகள் இருவராவது நிர்வாகக் குழுவில் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். டில்லிக்குப் போகும் நம் நிதியமைச்சர்கள் சரக்கு சேவை வரி மன்றத்தில் வரியை முழுத் தொகையிலிருந்து கழிவுக்கு மாற்றச் சொல்லி வாதாட வேண்டும். வாடகை எத்தனை ரூபாய், எத்தனை அணா என்பதை அரசும் கிளப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.